ஆயிரத்து மூன்று

மல்லாவிச் சந்தியில் உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா மணம் படியேறி வந்து
எங்களுக்கு முன்னமே கதிரைகளில் இருக்கும்.
சனிக்கிழமை இரண்டரைக்கு நாங்கள் நாலுபேர்
உள்ளே போகக் கூடாத இடங்களுக்குள்
போகப் பார்க்கிறோம்.

சம்பளம் இல்லை.
எங்கேயோ ஆரோ எழுதி
ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம் என்று
திறந்துவிட்ட இயங்குதளம்.
அடுத்த வெளியீட்டுக்கு முன்னம்
அதன் கதவுகளை ஆட்டிப் பார்ப்பது எங்கள் பங்கு.

ஆர் வாசிக்கலாம், ஆர் எழுதலாம், ஆர் இயக்கலாம்.
எல்லாவற்றுக்கும் இலக்கம் உண்டு: ஏழு, ஐந்து, பூச்சியம்.
தனுராஜ் பூட்டுவான். நான் தள்ளுவேன்.
'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரை சொன்னால்
கைதட்டுவோம்.
அந்த வசனத்துக்கு இந்தப் பக்கத்தில் ஆரும் கைதட்டி
நான் கண்டதில்லை.
ஒருநாள் சத்தம் கேட்டுக் கடைக்காரர் மேலே வந்து
"ஆர் அவுட்?" என்று கேட்டார்.

குழு மாறிப் பார்த்தோம்.
நிர்வாகியின் பெயரைக் கடன்வாங்கிப் பார்த்தோம்.
பூட்டின கோப்புக்குப் பின்பக்கத்தால் இணைப்பொன்று போட்டு
கிடுகு வேலிக்குள்ளால் கைவிடுகிற மாதிரித்
துழாவிப் பார்த்தாள் நிதர்சினி.
நாற்பத்தொரு சோதனை. நாற்பத்தொன்றும் சரி.
சோதனை என்ற சொல்லுக்கு
அடையாள அட்டையைத் தேடிப் போகிற கை
எனக்கின்னும் அப்படியேதான் இருக்கு.

கோகுலராஜ் டோகாவுக்குப் போய் மூன்று மாதம்.
விதிப்படி அவன் கணக்கை அன்று காலை நீக்கினோம்.
ஒரே ஒரு வரிதான். திரை ஒன்றும் சொல்லவில்லை.
அவன் கதிரைக்குத் துணுக்காயிலிருந்து ஜெனிஸ்ரா வந்தாள்.
முதல்நாள். புதுக் கணக்கு. புதுக் கடவுச்சொல்.
இரண்டு தரம் தட்டினாள், நிறுத்தினாள்.
"அக்கா, இது என்ர இல்லை."

லீசிங் கட்டின திகதிகள்.
கிணற்றுக்குள் விழுந்த தவளையின் படம், ஆறு.
'அன்புள்ள' என்று தொடங்கிப்
பெயர் வராமல் நின்றுபோன கடிதம்.

ஒரு பூட்டும் உடையவில்லை.
நாங்கள் எடுத்தது பெயரை மட்டும்.
பொருளெல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தது,
உரிமையாளர் என்ற நிரலில் பெயருக்குப் பதில்
ஆயிரத்து மூன்று என்று போட்டுக்கொண்டு.
அடுத்து வந்தவளுக்கு இயந்திரம்
ஓய்ந்து கிடந்த அதே இலக்கத்தைத் தூக்கிக் கொடுத்தது.
ஆளைப் பார்க்கவில்லை, இலக்கத்தைப் பார்த்தது.
மரியாதையாய்க் கதவு திறந்தது.

"இது பிழையில்லை," என்றான் தனுராஜ்.
"இது இப்பிடித்தான். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."
தெரிஞ்ச விசயம்தான் என்றேன்.

கரண்ட் போனது.
மடிக்கணினியின் வெளிச்சத்தில் அறிக்கை எழுதினேன்.
ஜெனிஸ்ரா தன்ர திரையைப் பாதி சாத்தியிருந்தாள்,
ஆரோ குளிக்கிற கிணற்றடிக்குத்
தெரியாமல் போய்விட்டவள் போல.

செய்த படிகள்: மூன்று.
எதிர்பார்த்தது, நடந்தது, இரண்டையும் நிரப்பினேன்.
பரிந்துரை: நீக்கப்பட்டவரின் இலக்கத்தை
வேறொருவருக்கும் கொடுக்கக் கூடாது.
"எவ்வளவு காலத்துக்கு?"
நிதர்சினிதான் கேட்டாள்.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

காரணம் என்ற பெட்டியில்
'வந்தாலும் வருவான்' என்று அடித்தேன்.
ஒவ்வோர் எழுத்தாய்ப் பின்னுக்கு வந்து அழித்தேன்.
பிறகு, இங்கே எங்களுக்கு
எல்லா மறுப்புக்கும் எழுதித் தந்த அதே இரண்டு சொல்லை
முதல்தரம் என்ர கையால் எழுதினேன்:
பாதுகாப்புக் காரணம்.

அனுப்பப் போகையில்
டோகாவில் இப்ப எத்தனை மணி என்று
ஜெனிஸ்ரா கேட்டாள்.